தனித்தொட்டி

விடிவதற்கு முன்பே மீன் வந்துவிடும். வந்த பிறகு விடிந்ததா என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. பார்ப்பதற்கு அந்தக் கூடத்தில் ஜன்னலும் கிடையாது. லாரியின் பின்கதவைத் திறந்ததும் ஐஸும் மீனுமாகச் சரிந்து முதல் மேசையில் கொட்டும். அங்கே தலையை வெட்டி, வயிற்றைக் கீறி, குடலை வழித்துப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். சாய்த்து வைத்த தகரத்தில் வழுக்கிக்கொண்டு மீன் இரண்டாம் மேசைக்கு வரும். இங்கே முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டி இரண்டு பாளமாகப் பிரித்து, தோலை உரித்து, இடுக்கியால் முள் பிடுங்கி, ட்ரேயில் அடுக்க வேண்டும். ட்ரேக்கள் தள்ளுவண்டியில் ஏறி ஃப்ரீசர் அறைக்குள் போகும். தரையெல்லாம் செதிலும் தண்ணீரும். ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறை போட்டாலும் ஐஸ் தண்ணீர் எப்படியாவது வழி கண்டுபிடித்துப் பாதத்துக்கு வந்துவிடும்.

வெந்நீர் அக்கா நிற்பது இரண்டாம் மேசையின் தலைப்பக்கம். முதலில் விரல் வலிக்கும். அப்புறம் எரியும். அப்புறம் ஒன்றும் இருக்காது. மேசையில் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். கை மரத்த பிறகுதான் வேலை ஓடும். கத்தி தன் பாட்டுக்குப் போகும், இடுக்கி தன் பாட்டுக்கு முள்ளைத் தேடும், தனக்குக் கை இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று காலையும் வெள்ளைச் சதையின் மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. மீனில் ரத்தம் தங்கிவிட்டது போலிருக்கிறது என்று கட்டைவிரலால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"அண்ணி, அது மீனோடது இல்ல. உங்களோடது," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார்.

"அப்படியா," என்றாள் வெந்நீர் அக்கா. கையுறையைக் கழற்றி, காயத்தில் பிளாஸ்திரியைச் சுற்றி, வேறு கையுறை மாட்டிக்கொண்டு அடுத்த மீனை இழுத்தாள்.

கொஞ்ச காலமாக எல்லாவற்றுக்கும் அவளிடம் இந்த 'அப்படியா' ஒன்றுதான் இருந்தது. சித்தப்பா போய்விட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்தபோதும் அதையேதான் சொன்னாள். அழுகை வரவில்லை, வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. போன வாரம் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். முடி கைக்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாததால் இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, விடும்மா! வலிக்குதும்மா!" என்று மகள் அலறியபோதுதான், எவ்வளவு நேரமாக இழுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று நினைத்தாள். அந்த ஒரு நாள்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. இந்தக் கை இப்படியே நின்றுவிட்டால், பிள்ளையின் தலையைத் தடவினால்கூடத் தெரியாதே என்று.

அவளுக்கு இந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

கூடத்தின் நடுவில் இரண்டு மேசைக்கும் பொதுவாக ஒரு எஃகுத் தொட்டி இருந்தது. பாய்லரிலிருந்து குழாய் வழியாக அதில் வெந்நீர் விழும். மணி அடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்க் கையை வைத்துக்கொள்ளலாம், மரப்பு விட்டதும் திரும்பலாம். முதல் மேசையில் கறுப்பர்கள், இரண்டாம் மேசையில் நம்மவர்கள். இரண்டு பேருமே எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்தான். கறுப்பர்கள் என்று பேர் வைத்தது நம்மவர்கள். நம்மவர்களில் பாதிப்பேரை அந்த மேசையில் கொண்டுபோய் நிறுத்தினால், முடியைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்ல முடியும். ஆனாலும் பேர் வைத்தால் வைத்ததுதான்.

இப்படி ஆட்களைப் பிரித்து நிறுத்தியவர் முதலாளி. "உங்க ஆளுங்களுக்கு விரல் சின்னது, முள் பிடுங்க வாகா இருக்கும். அவங்களுக்கு உடம்பு பெருசு, வெட்டறதுக்கும் ஃப்ரீசருக்கும் அவங்கதான் லாயக்கு," என்று சொல்லியிருந்தார். நம்மவர்களுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. வெள்ளைக்காரர் வாயால் சொல்லிவிட்டாரே! வெள்ளைக்காரர் என்றால் வாக்குத் தவறமாட்டார் என்பதும் நம்மவர்கள் யாரையும் கேட்காமல் முடிவு கட்டி வைத்திருந்த இன்னொரு சங்கதி. கறுப்பர்களைப் பற்றியும் முடிவுகள் தயாராக இருந்தன. அவர்களுக்குத் தோல் தடிமன், குளிர் ஏறாது, வலி உறைக்காது, கோபம் மட்டும் சட்டென்று வரும், பக்கத்தில் போனால் கைப்பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் இந்தக் கூடத்தில் யாருடைய பையும் காணாமல் போனதில்லை.

பேச்சைத் தொடங்கியவள் நாத்தனார்தான். "அவங்க குடல் வழிச்ச கைய விட்ட தண்ணியில நான் எப்படி அண்ணி கை வைக்கறது? நெனச்சாலே கொமட்டுது," என்றாள். அவர்கள் குடல் வழித்த மீன்தான் நாளெல்லாம் நாத்தனாரின் கையில். அதில் அவளுக்கு ஒரு குமட்டலும் இல்லை. தண்ணீர் என்றால் மட்டும் அது வேறு கணக்கு. மேசையில் மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். வாய் உள்ளவள் என்று அண்ணியை முன்னே தள்ளினார்கள். இவள் போய் முதலாளியிடம் தனித்தொட்டி கேட்டாள்.

கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டபோது அந்த மனிதர் யோசிக்க வேண்டும் என்றவர். தனித்தொட்டி என்றதும் யோசிக்கவே இல்லை. மறுநாளே ஆள் வந்துவிட்டான். புதுக்குழாய் ஒன்றும் போடவில்லை. இருந்த குழாயையே இரண்டாகப் பிரித்து, பழைய தொட்டியை அந்த மேசைக்கும் புதுத் தொட்டியை இந்த மேசைக்கும் தந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நிறையவில்லை, சூடும் நிற்கவில்லை. அதனால் ஒரு மணிக்கு அந்த மேசை, அடுத்த மணிக்கு இந்த மேசை என்று முறை வந்தது. முன்பு ஒவ்வொரு மணிக்கும் கிடைத்த வெந்நீர் இப்போது ஒன்றுவிட்டு ஒரு மணிக்கு, வெதுவெதுப்பாகக் கிடைத்தது. சூட்டையெல்லாம் அவங்களே உறிஞ்சிடறாங்க என்று இந்த மேசையில் பேசிக்கொண்டார்கள். ஆனால் தனியாகக் கிடைத்தது அல்லவா! அன்றிலிருந்து இவள் வெந்நீர் அக்கா. அந்தப் பெயரை அவளும் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த வெதுவெதுப்புக்கும் ஆபத்து வந்தது. கை வெட்டுப்பட்ட அதே காலை, சூப்பர்வைசர் மேசைப் பக்கம் வந்து நின்றான். அவன் நம்ம ஆள். ஃப்ரீசரிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியில் புகை படிந்துவிடும், துடைத்துக்கொண்டேதான் பேசுவான். அதனால் அவனுக்குக் கண்ணாடி என்று பேர்.

"அக்கா, திங்கக்கிழமையிலேருந்து தொட்டி கிடையாது. மணியும் கிடையாது. கை கழுவ நேரம் வீணாகுதாம்," என்றான்.

"கை கழுவவா போறோம்? மரப்பு விடப் போறோம்."

"எனக்குத் தெரியாதாக்கா? முதலாளி சொன்னதச் சொல்றேன். கிளவுஸ் மொத்தமா வாங்கித் தருவாராம்."

"அந்த மேசைக்கும் இதேதானா?"

"அங்கயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

கண்ணாடி, துடைத்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "ஒண்ணும் சொல்லல. யாரும் வாயத் தெறக்கல. வேலையப் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

அது பொய்யில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லைதான்.

"அவங்களுக்கென்ன, உறைக்காத ஒடம்பு," என்றாள் நாத்தனார்.

வெந்நீர் அக்கா தகரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். முதல் மேசையின் கடைசியில், தகரத்தில் மீனைத் தள்ளிவிடுகிற இடத்தில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆள் நல்ல உயரம். சிரிக்கமாட்டாள், பேசமாட்டாள், காலையில் நின்ற நிலையிலேயே சாயங்காலமும் நிற்பாள். அதனால் இந்த மேசையில் அவளுக்கு நெடுமரம் என்று பேர். ஆண்டுக்கணக்காக அவள் கை தள்ளிய மீனைத்தான் இவள் கை வாங்குகிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உடைசல் மொழி இருந்தது. நாலைந்து மொழிகளின் மிச்சம் மீதியைப் பொறுக்கிச் செய்தது. அதில் பேசியிருக்கலாம். தோன்றவில்லை.

'அவங்களே கேட்கலையே, நாம எப்படிக் கேட்பது' என்று இந்த மேசையும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வேலை சுலபமாக முடிந்தது.

பத்துமணி வாக்கில் இந்த மேசையின் முறை. தொட்டியில் வெந்நீர் விழுந்துகொண்டிருந்தது. நம்மவர்கள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஃப்ரீசர் கதவு திறந்தது. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து தள்ளுவண்டி வந்தது. அதைத் தள்ளி வந்தவன் நெடுமரத்தின் தம்பி. முன்பு ஃப்ரீசருக்குள் இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவன் உள்ளே இருந்தால் மற்றவன் வெளியே வந்து நின்று உடம்பைச் சூடேற்றிக்கொள்வான். அந்த இன்னொருவனைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். இவன் உடம்புக்கு ஒருவனே போதுமாம்.

வண்டி நேராக வரவில்லை. அவன் அதைக் கையால் தள்ளவில்லை, முழங்கைகளால் முட்டிக்கொண்டு வந்தான். இரண்டாம் மேசையின் மூலையில் இடித்து நின்றது. மேல் ட்ரே சரிந்து, கல்லாக உறைந்த மீன் பாளங்கள் தரையெங்கும் ஓடின.

"என்னடா, கண்ணு எங்க இருக்கு?" என்று கண்ணாடி பாய்ந்து வந்தான்.

தம்பி குனிந்து ட்ரேயை எடுக்கப் போனான். விரல்கள் மடங்கவில்லை. ட்ரேயின் விளிம்பில் பட்டபோது கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் முயன்றான், மறுபடியும் அதே சத்தம். அவன் முகத்தில் எதுவும் இல்லை. யாரோ வேறு ஒருவருடைய கையைப் பார்ப்பவன் போலத் தன் கையைப் பார்த்தான்.

"கிளவுஸ் எங்க?"

"நனைஞ்சு ஒறைஞ்சிருச்சு. ட்ரே இரும்பு ராக்கோட ஒட்டிக்கிச்சு. கிளவுஸக் கழட்டிட்டு ட்ரேய இழுத்தேன். கை அதுலயே ஒட்டிக்கிச்சு."

கண்ணாடி அவன் கையைப் புரட்டிப் பார்த்தான். "சிவக்கல, வீங்கல. ஒண்ணும் தெரியலயே. வலிக்குதா?"

"இல்ல."

"பாத்தீங்களா? வலிக்கலன்னு அவனே சொல்றான்." கண்ணாடிக்குப் பெரிய நிம்மதி. "போ, போய்ப் பொறுக்கு."

இரண்டாம் மேசையில் இரண்டொருவர் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு வலிக்காது என்று தெரிந்த விஷயம்தானே. வெந்நீர் அக்காவும் அப்படி ஆட்டியிருப்பாள். ஆனால் அவள் பார்வை அவன் விரல் நுனிகளில் இருந்தது. கறுப்பு நிறம் அங்கே மட்டும் செத்துப்போய், அணைந்த அடுப்பின் சாம்பல் மாதிரி வெளுத்து, மெழுகு பூசினாற்போல் இருந்தது. அவளுக்கு அந்த நிறம் தெரியும். மாநிறத் தோலில் சிவப்புத் தெரியாது, சாம்பல்தான் தெரியும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும்போது அவள் விரல் நுனிகளும் இதே நிறத்தில் இருக்கும். அவள் கை வெட்டுப்பட்டபோது அவளும்தானே 'அப்படியா' என்றாள். அந்த நேரத்தில் யாராவது வலிக்குதா என்று கேட்டிருந்தால் அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

நெடுமரம் கத்தியைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். தம்பியின் கையைப் பார்த்தாள். அவர்களுடைய தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள், அது வறண்டு கிடந்தது. இவர்களுடைய தொட்டியில் தண்ணீர் நிறைந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் நேராக வந்தாள். தொட்டிக்கு இரண்டடி இருக்கும்போது நின்றுவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குடல் அள்ளுகிற ஒரு பிளாஸ்டிக் வாளி தரையில் கிடந்தது. அதை எடுத்து வெந்நீர் அக்காவிடம் நீட்டி, "கொஞ்சம் ஊத்துங்க," என்றாள்.

அந்தக் கை சதாநேரமும் தகரத்தில் மீனைத் தள்ளிவிடுகிற கை. இப்போது தொட்டியைத் தொடாமல், வாளியை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருந்தது. தம்பியின் விரல் போய்க்கொண்டிருக்கும்போதுகூட, எந்தத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வெந்நீர் அக்காவுக்கு உடம்பு கூசியது. வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று உறைத்தது.

வாளியைப் பிடுங்கி வீசினாள். "வாளி எதுக்கு? கொண்டா அவன் கைய!"

"அண்ணி..." என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு."

அவனை இழுத்துத் தொட்டி அருகே நிறுத்தினார்கள். உடனே கையை அமுக்கிவிட முடியாது. ரொம்பச் சூடாக இருந்தால் உறைந்த கை வெந்துபோகும், வெந்தாலும் அவனுக்குத் தெரியாது. தண்ணீர் எவ்வளவு சூடு என்று பார்க்க வெந்நீர் அக்கா கையை விட்டாள். ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலும் செத்துத்தான் கிடந்தது. அந்தக் கூடத்தில் நின்ற அத்தனை பேரில் வெந்நீரின் சூடு தெரிகிற கை ஒன்றுகூட இல்லை.

சட்டென்று சட்டைக்கையை மேலே ஏற்றினாள். முழங்கையை மடக்கித் தண்ணீரில் வைத்தாள். அதே நொடியில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முழங்கை தண்ணீருக்குள் இறங்கியது. நெடுமரமும் கையை மடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

இரண்டு பேரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு முன் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார்கள். இரண்டு பேரும் பிள்ளை வளர்த்தவர்கள்.

"கொஞ்சம் சூடு அதிகம்," என்றாள் நெடுமரம்.

"ஆமா. பச்சத்தண்ணி ஊத்தணும்."

ஊற்றினார்கள். மறுபடியும் முழங்கையை வைத்துப் பார்த்து, போதும் என்று இருவரும் தலையாட்டிய பிறகு அவன் கைகளை இறக்கினார்கள். நாத்தனார், "தேய்ச்சு விட்டா சீக்கிரம் சூடேறும்," என்று கை நீட்டினாள். "தேய்க்கக் கூடாது, தோல் கழண்டுரும்," என்று நெடுமரம் தடுத்தாள். நாத்தனார் அவள் கையைத் தட்டிவிடவில்லை.

கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலை நின்றுபோனதை உணர்ந்து முதல் மேசையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். எல்லோர் கையிலும் கத்தி.

"உங்க மேசைக்கு நாங்க ஒரு பேர் வச்சிருக்கோம்," என்றாள் நெடுமரம், தண்ணீரைப் பார்த்தபடியே.

"என்ன பேரு?"

"தலையாட்டிங்க. எது சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவீங்க. திங்கக்கிழம தொட்டி கிடையாதுன்னு சொன்னப்பவும் உங்கள்ல யாரும் ஒண்ணும் பேசல. இவங்களுக்கு எதுவும் ஒறைக்காதுன்னு பேசிக்கிட்டோம்."

வெந்நீர் அக்காவுக்குச் சிரிப்பு வரும் போலவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. "உனக்கு நாங்க நெடுமரம்னு பேர் வச்சிருக்கோம்," என்றாள் கடைசியில்.

"மரமா?"

"மரந்தான்."

நெடுமரம் அதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போலிருந்தது. "நீங்க வச்சது பரவாயில்ல," என்றாள்.

அப்போதுதான் அவன் கத்தினான்.

முதலில் ஒரு முனகல். பிறகு பற்களைக் கடித்தான். பிறகு வாயைப் பிளந்துகொண்டு கத்தினான். விரலுக்குள் ரத்தம் திரும்புகிறபோது வருகிற வலி அது. உறைந்துகிடந்தது அத்தனையும் ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். அவன் கால் மடிந்து தொட்டியின் விளிம்பில் முட்டினான். அக்கா, அக்கா என்று தன் மொழியில் அலறினான். அது அந்த மொழியில் அக்காதான் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெடுமரம் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கூடம் முழுவதும் அந்தச் சத்தம் எதிரொலித்தது. வலி உறைக்காத உடம்பு என்று பேர் வைத்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டார்கள். நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சத்தம் மாடிவரை போயிருக்க வேண்டும். முதலாளி இறங்கி வந்தார். மீன் நாற்றம் படாமலிருக்க அவர் எப்போதும் அணிகிற வெள்ளை மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"மணி அடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? யாரு வேலைய நிறுத்தச் சொன்னது?"

அவர் கண் வெந்நீர் அக்காவிடம் வந்து நின்றது. குரலைக் கொஞ்சம் இறக்கினார். "நீயா? உங்க ஆளுங்க பிரச்சினை பண்ண மாட்டாங்களே. அமைதியானவங்களாச்சே."

"அமைதியில்ல சார். மரத்துப்போச்சு."

"அவன் ஃப்ரீசருக்குள்ள கிளவுஸைக் கழட்டியிருக்கான். அது அவன் தப்பு. இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது."

"கிளவுஸ் நனைஞ்சிருந்துச்சு. மாத்து கிளவுஸ் இல்ல, மாத்து ஆளும் இல்ல. ரெண்டு பேர் செய்யற வேலைய அவன் ஒருத்தன் செஞ்சிருக்கான்."

"ஃப்ரீசர் வேலையப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது. அவனக் கேளுங்க. இங்கதான் இருக்கான்."

முதலாளி அவனைக் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவனை ஓரமா உக்கார வை. மத்தவங்க மேசைக்குப் போங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் நெடுமரம். "விரல் போயிரும்."

"பாக்கலாம். மதியம் லோடு போகட்டும்."

விடிகாலையில் மீன் கொண்டுவந்து, மதிய லோடுக்காகக் காத்திருந்த லாரிக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடு வயது ஆள், எந்த மேசைக்கும் சேராதவர். "லோடு எங்க சார் இருக்கு?" என்றார். "யாரும் மீனத் தொடலையே. சும்மா நிக்கற வண்டிதான். ஏத்துங்க, நான் கொண்டு விடறேன்."

முதலாளியின் முகம் மாறியது. சிவக்கிற தோல், அதனால் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. காரியம் தெரிந்தவர். வெந்நீர் அக்காவை இரண்டடி தள்ளி வரும்படி விரலால் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. அதனால் எல்லோர் காதிலும் விழும்படிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்க பாரு. திங்கக்கிழமைக்கு அப்புறமும் உங்க மேசைத் தொட்டி இருக்கும். மணியும் இருக்கும். நான் வாக்குத் தர்றேன். உன் ஆளுங்கள வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

அவளுக்கு ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மகளின் முடி கையில் இருப்பது தெரிய வேண்டும் என்ற ஆசை அது. இந்த மேசையில் எல்லோர் கண்ணும் அவள் மேல் இருந்தது, அவர்களுக்கும் அதே ஆசைதான்.

"அந்த மேசைக்கு?" என்றாள்.

"அவங்களுக்கு அது தேவையில்ல. உனக்கே தெரியுமே. தனித்தொட்டி வேணும்னு எங்கிட்ட வந்து நின்னது யாரு? அவங்க கை பட்ட தண்ணி வேணாம்னு சொன்னது யாரு? நானா?"

முதல் மேசைக்காரர்கள் வெந்நீர் அக்காவைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. நெடுமரத்தின் பக்கம் திரும்பத் தைரியமில்லை.

"தெரியும்," என்றது நெடுமரத்தின் குரல். "அன்னைக்கே தெரியும் எங்களுக்கு."

தெரிந்துகொண்டுதான் இத்தனை நாளும் மீனைத் தள்ளிவிட்டாள். தெரிந்துகொண்டுதான் வாளியை நீட்டினாள்.

வெந்நீர் அக்கா முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா சார். நாந்தான் கேட்டேன். கேட்ட ஒடனே குடுத்தீங்க. ஏன் குடுத்தீங்கன்னு எனக்கு அப்ப புரியல. இப்பவும் நாந்தான் கேக்கறேன். எனக்குத் தனித்தொட்டி வேணாம். பழையபடி ஒரே தொட்டி போதும், ரெண்டு குழாத் தண்ணியும் அதுலயே விழட்டும். அப்பத்தான் சூடு நிக்கும். ஒவ்வொரு மணிக்கும் எல்லாரும் கை வைக்கணும். ஃப்ரீசருக்குள்ள ரெண்டு ஆள் வேணும். இவன் விரலுக்கு வைத்தியம் நீங்க பாக்கணும். அதுவரைக்கும் இந்த மேசை கத்தியத் தொடாது."

"இந்த மேசையும்," என்றாள் நெடுமரம்.

"உங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அனுப்புங்க சார். குடல் எடுக்காத மீன்ல நீங்க முள் பிடுங்கணும். பழக்கம் இருக்கா?" என்றாள் வெந்நீர் அக்கா.

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். எந்த மேசை என்று தெரியவில்லை. முதலாளி திரும்பிப்போய்ச் சுவரோரம் இருந்த வெந்நீர் வால்வைத் தன் கையாலேயே இறுக்கி மூடினார். அவர் அந்தக் கூடத்தில் செய்து எல்லோரும் பார்த்த முதல் கைவேலை அதுதான். "தொட்டி வேணுமா? வச்சுக்கங்க. ஆறின தண்ணியில நில்லுங்க," என்றார். வால்வுக்குப் பக்கத்திலேயே நின்று யாருக்கோ போன் போட்டார். கண்ணாடி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தம்பியின் கைகளில் சுத்தமான துணியைச் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். கொப்புளம் கிளம்பியிருந்தது. விரல் எத்தனை மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. நெடுமரம் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரிக்காரர் கதவைச் சாத்தப் போனபோது தலையை நீட்டினாள்.

"நான் திரும்பி வரும்போது?" என்று மட்டும் கேட்டாள்.

"இங்கயே இருப்போம்," என்றாள் வெந்நீர் அக்கா.

நெடுமரம் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. லாரி போய்விட்டது. லாரி நின்ற வாசல் வழியாக வெளிச்சம் கூடத்துக்குள் வந்து விழுந்தது. வேலை நாளில் அதைப் பார்ப்பது எல்லோருக்கும் புதுசாக இருந்தது.

வெந்நீர் அக்கா உள்ளே வந்து தொட்டியில் கையை வைத்தாள். தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. முதல் மேசையிலிருந்து நரைத்த தலைக்காரி ஒருத்தி வந்து எதிர்ப்பக்கம் நின்றாள். கையுறையைக் கழற்றினாள், ஆனால் கையை இறக்காமல் தயங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் நாத்தனார் வந்து நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். மூச்சை ஒருதடவை இழுத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் முதலில் தண்ணீரில் இறக்கினாள். "வைங்கம்மா," என்றாள் அவளிடம். "ஆறிடப் போகுது."

அதற்குப் பிறகு தொட்டியைச் சுற்றி இடமில்லை. தோளும் தோளும் இடிக்க நின்றார்கள். இடம் கிடைக்காதவர்கள் முன்னால் நின்றவர்களின் இடுப்பைச் சுற்றிக் கை நீட்டினார்கள். தண்ணீருக்குள் எது யார் கை என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வால்வு மூடியே இருந்தது. சுவரோரத்தில் முதலாளி போனில் ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது ஆட்கள் வருவார்களா, போலீஸ் வருமா என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் ஆறிக்கொண்டே இருந்தது.

வெந்நீர் அக்காவின் சுண்டுவிரல் நுனியில் ஏதோ குத்தியது. பிறகு அடுத்த விரலில். காலையில் பட்ட வெட்டு கண்விழித்துக்கொண்டு கொதித்தது. வலி மணிக்கட்டுவரை ஏறி வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. சித்தப்பாவுக்காக வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

"என்ன அண்ணி, வலிக்குதா?"

அவள் தன் மொழியில் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிகிற அந்த உடைசல் மொழியில், சுவரோரம் நிற்கிறவர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னாள்.

"வலிக்குது."

"எனக்கும்," என்றாள் எதிர்ப்பக்கத்து நரைத்த தலைக்காரி.

"எனக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அது எந்த மேசை என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.